சிறுத்தையிடமிருந்து நாய், ஆடுகளைக் காப்பது எப்படி?

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, சோளிங்கர் பக்கத்தில் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் கூட்டங்களுக்கு வந்தால் முன்பெல்லாம் காட்டுப்பன்றியைப் பற்றித்தான் கேட்பார்கள். அண்மைக் காலமாகச் சிறுத்தையைப் பற்றியும் கேட்கிறார்கள். கரும்பு இளங்குருத்துப் புழுவுக்கு மருந்து சொல்லப் போனவனிடம் சிறுத்தைக்கு மருந்து கேட்டால் என்ன சொல்வது? ஆனால் கேள்வி நியாயமானது. சுற்றுவட்டாரத்தில் நடந்தவற்றைப் பார்த்தால் அது விளங்கும்.

நமக்கு வடக்கே, 2023 ஜூனில் திருமலை அலிப்பிரி நடைபாதையில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்விச் சென்று போட்டுவிட்டுப் போனது. சிறுவன் பிழைத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே பாதையில் ஒரு சிறுமி உயிரிழந்தாள். அதற்குப் பிறகுதான் பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறுவர், சிறுமியரை நடைபாதையில் விடுவதில்லை என்று தேவஸ்தானம் அறிவித்து, பக்தர்கள் கையில் தடியும் கொடுத்தது. மேற்கே, 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள் ஒரு பள்ளி வளாகத்தில் சிறுத்தை புகுந்து, பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் பதுங்கியது. மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் அருகே மலையடிவாரக் கிராமத்தில் ஓர் இளம்பெண் சிறுத்தை தாக்கி இறந்தார். இவையெல்லாம் எங்கோ அடர்ந்த காட்டில் நடந்தவை அல்ல. நம்முடையதைப் போன்ற பாறைக் குன்றும், புதரும், ஊரும் கலந்து கிடக்கும் இடங்களில் நடந்தவை.

சிறுத்தை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பகுதிகள் 1960 ஏப்ரல் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதுவரை சித்தூர் மாவட்டம். அந்தச் சித்தூர் மாவட்டத்தில் சிவிங்கியைக்கூடப் பார்த்ததாக 1950-களின் தொடக்கத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் ஒரு குறிப்பு வெளியாயிற்று. சிவிங்கி வேறு, சிறுத்தை வேறு. சிவிங்கிக்கு உடம்பில் தனித்தனிக் கறும்புள்ளிகள், கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு. சிறுத்தைக்குப் பூப்பூவாக வளையப் புள்ளிகள். சிவிங்கி நாட்டைவிட்டே அற்றுப்போனது. சிறுத்தை பிழைத்துக்கொண்டது. தெலுங்கு பேசும் நம் விவசாயிகள் 'சிருத' என்று சொல்வதும் இதைத்தான்.

2022 கணக்கெடுப்பின்படி நாட்டில் சிறுத்தைகள் 13,874. தமிழ்நாட்டில் மட்டும் 1,070. 2018-ல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 868 ஆக இருந்தது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குறைந்தது ஒரு காரணம். புறம்போக்கெல்லாம் வேலிகாத்தான் மண்டியது, கரும்பு மறைவிடமானது, தெருநாய் பெருகியது ஆகியவை மற்றக் காரணங்கள். என்னைக் கேட்டால் கடைசிக் காரணத்துக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

நாய்தான் இரை

மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் மாவட்டத்தில் (இப்போது அகில்யாநகர்) அகோலே என்று ஒரு கரும்புப் பிரதேசம். காடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கரும்பு, வாய்க்கால், வீடுகள் அவ்வளவுதான். வித்யா ஆத்ரேயா என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அங்கே தானியங்கி காமிராக்களை வைத்துப் பார்த்ததில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 வளர்ந்த சிறுத்தைகள் இருப்பது தெரிந்தது. பகலில் கரும்புக்குள் படுத்திருந்து, இரவில் வீடுகளுக்கு நடுவே நடந்திருக்கின்றன.

அவை எதைத் தின்கின்றன என்று அறிய, சிறுத்தையின் எச்சத்தைச் சேகரித்து அதிலிருந்த மயிரைச் சோதித்தார்கள். தின்ற இறைச்சியின் எடையில் 87 சதவீதம் வீட்டுப் பிராணிகள். நாய் மட்டும் 39 சதவீதம், பூனை 15 சதவீதம், வெள்ளாடு 11 சதவீதம். இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அந்தப் பகுதியில் நாயைவிட வெள்ளாடு ஏழு மடங்கு அதிகம். அப்படியிருந்தும் நாய்தான் அதிகம் போயிற்று. ஏன்? ஆட்டை இரவில் அடைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். நாயை வெளியே விடுகிறார்கள்.

வீட்டு வாசலில் சங்கிலியில் கட்டிய நாய் இன்னும் மோசம். தெருநாய்க்காவது ஓட வழி உண்டு. கட்டிய நாய்க்கு அதுவும் இல்லை. மோட்டார் கொட்டகைக் கம்பத்தில் நாயைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவது, சிறுத்தைக்குத் தட்டில் சோறு வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். ஒருமுறை சுலபமாகக் கிடைத்த இடத்துக்கு அது மறுபடியும் வரும். இரண்டாம் முறை வரும்போது நாய் இல்லாவிட்டால் பக்கத்துக் கொட்டகையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். வாசலில் குழந்தை படுத்திருந்தால்? சிறுத்தை வீட்டுப் பக்கம் வரும் பழக்கத்தை அதற்குக் கற்றுக் கொடுப்பது பெரும்பாலும் நாய்தான். நாயைக் காப்பாற்றுவது வீட்டிலுள்ளவர்களையும் காப்பாற்றுவதற்கான முதல் வேலை என்று நான் சொல்வது இதனால்தான்.

"நாயை உள்ளே அடைத்தால் அப்புறம் காவல் எதற்கு சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. நாயின் பல்லால் சிறுத்தையை வெல்ல முடியாது. வளர்ந்த ஆண் சிறுத்தை 50 முதல் 70 கிலோ வரை இருக்கும். நம் நாட்டு நாய் அதில் பாதிகூட வராது. நமக்கு வேண்டியது நாயின் காதும் மூக்கும் குரலும். அவை கூண்டுக்குள் இருந்தும் வேலை செய்யும். கூண்டிலிருந்து குரைக்கும் நாய் நம்மை எழுப்பும். காலையில் உயிரோடும் இருக்கும்.

கூண்டு பெரிதாக வேண்டாம். நாய் எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவு போதும். சுவரை ஒட்டி, வீட்டாரின் காதுக்கு எட்டும் இடத்தில் அமைக்க வேண்டும். பக்கங்களிலும் மேலேயும் வெல்டிங் செய்த கெட்டிக் கம்பி வலை. கண் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கண் பெரிதாக இருந்தால் சிறுத்தை காலை உள்ளே விட்டு இழுக்கப் பார்க்கும். கோழிக்கூண்டுக்குப் போடும் மெல்லிய வலை எதற்கும் ஆகாது. பொழுது சாய்வதற்குள் அடைத்து, நன்றாக வெளுத்த பிறகு திறக்க வேண்டும். பால் கறக்க விடியற்காலை நாலரைக்கு எழுபவர்கள் எழுந்ததும் நாயை அவிழ்த்து விடுவது வழக்கம். அந்த நேரமும் சிறுத்தை நடமாடும் நேரமே.

கூண்டுக்கு வழியில்லாதவர்கள் நாயை ஆட்டுக் கொட்டகைக்குள்ளேயே சேர்த்து அடைக்கலாம், நாய் ஆட்டோடு பழகியதாக இருந்தால். இமயமலைப் பக்கத்தில் மந்தையோடு திரியும் நாய்களுக்குக் கூர்முள் வைத்த இரும்புப் பட்டை கழுத்தில் போடுகிறார்கள், சிறுத்தை கழுத்தைத்தான் கவ்வும் என்பதற்காக. பகலில் மலைச்சரிவில் ஆட்டோடு போகும் நாய்க்கு இது உதவும். ஆனால் அங்குள்ள நாய் கரடிக்குட்டி போன்றது; நம் நாயை அதோடு ஒப்பிட்டு, பட்டை போட்டுவிட்டோம் என்று இரவில் வெளியே விடக்கூடாது.

பூனை வளர்ப்பவர்களும் இரவில் அதை உள்ளே வைப்பது நல்லது. 15 சதவீதம் என்பது சிறிய பங்கு அல்ல.

வீட்டு நாயை அடைத்துத் தெருநாயை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகும். கோழிக் கடைக் கழிவைக் கால்வாயில் கொட்டுவது, செத்த கன்றை மலையடிவாரத்தில் தூக்கிப் போடுவது, திருவிழா எச்சில் இலையைத் தோப்போரம் குவிப்பது — இவற்றுக்கு நாய் கூடும், பன்றி கூடும், அவற்றின் பின்னாலேயே சிறுத்தையும் வரும். செத்த கால்நடையை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். இது ஊராட்சி செய்ய வேண்டிய காரியமும்கூட.

நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். நாய்களிடம் காணும் டிஸ்டெம்பர் என்ற நச்சுயிரி நோய் காட்டு விலங்குகளுக்கும் பரவக்கூடியது. 2018-ல் குஜராத் கிர் காட்டில் சில வாரங்களில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது அந்தக் கிருமி கண்டறியப்பட்டது. இதற்கும் தடுப்பூசி உண்டு.

ஆட்டுக் கொட்டகை

பெரும்பாலான சிறு விவசாயிகளின் பட்டி நான்கு கம்பு, மூங்கில் தட்டி, மேலே ஓலை அல்லது ஒன்றுமே இல்லாமல் இருக்கிறது. வாசலுக்கு முள் படல். இது நரிக்குப் போதும். சிறுத்தைக்குப் போதாது. பத்தடிச் சுவரை அது பாய்ந்து தாண்டும், மரமேறும். ஆகவே சுவரை உயர்த்திச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. செய்ய வேண்டியது கூரையை மூடுவது.

லடாக்கில் பனிச்சிறுத்தையால் இதே தொல்லை. கல் சுவர் உயரமாக இருக்கும், மேலே திறந்திருக்கும். உள்ளே குதித்த பனிச்சிறுத்தை வெளியேற வழியின்றி, கலவரப்பட்டு ஓடும் ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்றுபோடும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆஸ்தி போய்விடும். அங்கே தொண்டு நிறுவனங்கள் மக்களோடு சேர்ந்து பட்டியின் மேல் கம்பி வலை இழுத்து, இறுகச் சாத்தும் கதவு போட்டுக் கொடுத்தன. அப்படிச் செய்த பட்டிகளில் அந்த இழப்பு பெரும்பாலும் நின்றது. நமக்கும் இதுவே வழி.

தகரமோ கல்நார் ஓடோ இருந்தால் அதற்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்காக விட்ட இடைவெளியை வலையால் அடையுங்கள். ஒரு சாண் சந்து கிடைத்தாலும் சிறுத்தை நுழையப் பார்க்கும். காற்றோட்டம் குறையக்கூடாது, மூடிய கொட்டகையில் மூத்திர நெடி ஏறினால் ஆட்டுக்குச் சளியும் இருமலும் வரும். அதனால்தான் பலகையைவிட வலையே மேல் என்கிறேன். ஓலைக் கூரையாக இருந்தால் ஓலைக்குக் கீழே வலையைப் படரவிட்டுக் கட்டுங்கள். கதவுக்குக் கயிறு வேண்டாம், தாழ்ப்பாளும் கொண்டியும் போடுங்கள். கதவின் அடியில் நாலு விரற்கடைக்கு மேல் இடைவெளி கூடாது. தரையோரம் ஓர் அடி ஆழத்துக்குக் கல் பதித்தால் நாயும் நரியும் பறிப்பது நிற்கும். பரண் மேல் ஆடு வளர்ப்பவர்கள் பரண் உயரமாக இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். பரணுக்கும் நான்கு பக்கம் வலை வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பணம் இல்லை என்றால், குட்டிகளும் சினை ஆடுகளும் படுக்கும் மூலையை முதலில் வலைக்கூண்டாக்குங்கள். கிடை போடுபவர்கள் மலையோரம், கரும்போரம் கிடை அமர்த்துவதைத் தவிர்த்து, சுற்றிலும் வெட்டவெளியாக உள்ள வயலில் போட வேண்டும். காவல் படுப்பவர் தரையில் படுக்காமல் கட்டிலில் படுப்பது நல்லது.

கொட்டகையைச் சுற்றி முப்பதடிக்கு வேலிகாத்தானை வெட்டிவிடுங்கள். மின்விளக்கு உதவும், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. கென்யாவில் ஒரு மசாய்ச் சிறுவன் சிங்கத்தை விரட்ட விட்டுவிட்டு மின்னும் விளக்குகளைப் பட்டியைச் சுற்றிக் கட்டி உலகப் புகழ் பெற்றான். நல்ல யோசனைதான். ஆனால் ஒரே மாதிரி விளக்கு நாள்தோறும் மின்னினால் விலங்கு பழகிவிடும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட பிறகு விளக்கைப் பற்றி யோசிக்கலாம்.

கொன்றது எது?

காலையில் ஆடு செத்துக் கிடந்தால் உடனே 'சிறுத்தை' என்று ஊர் பரபரக்கிறது. பல சமயம் அது நாய்க் கூட்டத்தின் வேலை. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பகுதிகளில் 2024, 2025-ல் தெருநாய்கள் ஏராளமான செம்மறிகளைக் கடித்துக் கொன்று, விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடும் நிலை வந்தது. அது சிறுத்தையின் வேலை அல்ல.

சிறுத்தை தொண்டையில் கவ்வி மூச்சை அடைத்துக் கொல்லும். தொண்டையில் ஆழமான கோரைப்பல் துளைகள் தெரியும். முடிந்தால் உடலை மறைவிடத்துக்கு இழுத்துப் போகும். நாய்கள் பின்தொடை, வால், மடி, காது என்று கண்ட இடத்தில் கிழிக்கும். பல ஆடுகள் குற்றுயிராகக் கிடக்கும். காலடியும் வித்தியாசப்படும். சிறுத்தையின் அடி வட்டமாக, நான்கு விரல் பதிவோடு, நகக்குறி இல்லாமல் இருக்கும். நாயின் அடி நீண்டு, விரல் நுனியில் நகக்குறியோடு இருக்கும். சின்னஞ்சிறிய வட்ட அடியாக இருந்தால் காட்டுப்பூனையாக இருக்கலாம். அது கோழியோடு போய்விடும்.

கூண்டு வைத்தால் தீருமா?

சிறுத்தை என்றதும் 'கூண்டு வை' என்று கேட்கிறோம். மனிதரைத் தாக்கிய சிறுத்தையைப் பிடித்தே ஆக வேண்டும், அதில் வாதம் இல்லை. ஆனால் சும்மா போய் வருவதையெல்லாம் பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன ஆகும் என்பதை மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வனப்பகுதியில் பார்த்திருக்கிறார்கள். 1993 முதல் 2001 வரை அங்கே சிறுத்தை தாக்கியவர்கள் ஆண்டுக்குச் சராசரி 4 பேர். ஏராளமான சிறுத்தைகளைப் பிடித்து இடம் மாற்றி விட்ட பிறகு, 2001–2003-ல் அது சராசரி 17 ஆயிற்று. அறிமுகமில்லாத இடத்தில் விடப்பட்ட விலங்கு மிரண்டு அலைகிறது. காலியான இடத்துக்கு வேறொன்று வந்து சேருகிறது. நாய் அங்கேயே கட்டியிருக்கும்வரை இடம் காலியாகவே இருக்காது.

விஷம் வைப்பதும் மின்கம்பி இழுப்பதும் குற்றம். சிறுத்தையைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. சட்டத்தை விடுங்கள். பன்றிக்காகக் கரும்பைச் சுற்றித் திருட்டு மின்சாரம் இழுத்த கம்பியில், தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து நிலத்துக்காரர் செத்த செய்தியைப் பத்திரிகையில் படிக்காத ஆண்டு உண்டா?

கரும்பு வெட்டும்போது

திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் பருவத்தில் ஆட்கள் கவனமாக இருக்க வேண்டும். தோட்டத்தை நான்கு பக்கமும் சூழ்ந்து வெட்டாமல், ஊர்ப் பக்கத்திலிருந்து தொடங்கி மலைப் பக்கமாக வெட்டிக்கொண்டு போனால் உள்ளே எது இருந்தாலும் போக வழி இருக்கும். வெட்டுக்கு முன் தகர டப்பா தட்டிச் சத்தம் போடுவது நல்லது. வெட்டு ஆட்களின் குழந்தைகளைக் கரும்போரம் தனியே படுக்க வைக்க வேண்டாம்.

குட்டிகள் தென்பட்டால் தொடாதீர்கள், படம் எடுக்கக் கூட்டம் கூட்டாதீர்கள். தாய் அருகில்தான் இருக்கும். குட்டியைக் காணாத தாய்ச் சிறுத்தையைப்போல் ஆபத்தானது வேறில்லை. ஜுன்னர் பகுதியில் வனத்துறையினர் குட்டிகளை அதே இடத்தில் பெட்டியில் வைத்துவிட்டு விலகி நின்று, இரவில் தாய் வந்து தூக்கிப் போகும்படி செய்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பாத்தியில் வெட்டை நிறுத்தி வனத்துறைக்குச் சொல்லிவிடுவதுதான் விவசாயி செய்ய வேண்டியது.

சிறுத்தை நேருக்கு நேர் வந்தால் ஓடக்கூடாது, குனியக்கூடாது. நிமிர்ந்து நின்று, குரல் கொடுத்து, பார்வையை எடுக்காமல் பின்வாங்க வேண்டும். குனிந்தோ உட்கார்ந்தோ இருப்பவர்கள் அதன் கண்ணுக்குச் சிறிய விலங்காகத் தெரிவார்கள். இருட்டில் வெளிக்குப் போகும் பெண்களும் குழந்தைகளும் துணையோடும் டார்ச் விளக்கோடும் போக வேண்டும் என்பது இதனால்தான். விறகுக்கும் ஆடு மேய்க்கவும் மலையடிவாரம் போகிறவர்கள் இரண்டு மூன்று பேராகப் பேசிக்கொண்டே போவது நல்லது. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகளில் சிறுத்தை விழுவதும் உண்டு. விழுந்தால் கல்லெறியாமல் ஊராரை விலக்கிவிட்டு வனத்துறை வரும்வரை காத்திருங்கள்.

ஆடு மாட்டைச் சிறுத்தை கொன்றுவிட்டால் அரசு இழப்பீடு உண்டு. ஆனால் பலர் அதை இழப்பது முதல் இரண்டு மணி நேரத்தில்தான். உடலை இழுத்துப் புதைத்துவிட்டு மறுநாள் அலுவலகம் போனால் எதைப் பார்த்து எழுதுவார்கள்? உடலைக் கிடந்த இடத்திலேயே விட்டு, காலடி அழியாமல் அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள். தொண்டைக் காயமும் காலடியும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். காலடிப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்தால் அளவு தெரியும். வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றே சொல்லிவிட்டு, அரசு கால்நடை மருத்துவரை வரவழைத்துப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். விண்ணப்பத்தோடு ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தக நகல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.